பிஸ்கட் டின்னில் இருந்த அமானிதம்: கொழும்பின் பழைய தியேட்டர்களும் நமது புகைப்படங்களும்

சென்ற வருட மழைக்கு நுகேகொடையில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியபோது, பெரியும்மாவின் அலுமாரியை இடம் மாற்ற வேண்டி வந்தது. அதன் அடித்தட்டில், பழைய சாரிகளுக்குக் கீழே, துருப்பிடித்த மலிபன் பிஸ்கட் டின் ஒன்று கிடைத்தது. உள்ளே பத்திர நகல்கள், உடைந்த கைக்கடிகாரம், மூன்று புகைப்படங்கள். எங்கள் வீட்டில் கலியாணப் படங்களும் ஹஜ் பயணப் படங்களும் ஹோலில் உள்ள கண்ணாடி அலுமாரியில் அல்பமாக இருக்கின்றன. இந்த மூன்றும் மட்டும் ஏன் டின்னுக்குள் போயின என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

முதற்படத்தில் இருப்பவர் உம்மாவின் வாப்பா, எங்கள் அப்பா. காக்கிக் காற்சட்டை, தலையில் தொப்பி, கையில் நீளமான டோர்ச். அவருக்குப் பின்னால் இழுத்துச் சாத்தும் இரும்புக் கதவும், சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டும் மரச்சட்டமும் தெரிகின்றன. பெரியும்மாவிடம் காட்டினேன். எண்பது வயதைத் தாண்டியவர். படத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இது வாப்பா. தியேட்டர் கேட்ல நின்டு டிக்கட் கிழிச்ச காலம்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத எல்லாருக்கும் காட்டித் திரியாதீங்க மகன்" என்றும் சொன்னார்.

எந்தத் தியேட்டர் என்று கேட்டேன். மருதானைப் பக்கம் என்பது மட்டும் அவருக்கு ஞாபகம். படத்தின் பின்பக்கத்தைத் திருப்பினேன். ஒரு எழுத்தும் இல்லை.

இக்கட்டுரை அந்த வெறும் பின்பக்கத்தைப் பற்றியது. கொழும்பின் படமாளிகை வரலாற்றில் முஸ்லிம்களுக்கு ஒரு பங்கு உண்டு. முதலாளிகளாக, பாடகர்களாக, இசையமைப்பாளர்களாக, வாசலில் டிக்கட் கிழித்தவர்களாக, பார்வையாளர்களாக இருந்திருக்கிறார்கள். அந்தப் பங்கை நாமே டின்னுக்குள் போட்டு மூடியதும் உண்டு.

ஒரு படத்தை வாசிப்பது

பின்பக்கத்தில் எழுத்து இல்லாவிட்டாலும் முன்பக்கம் சில சாட்சிகளைச் சொல்லும். அப்பாவின் படத்தில், அவருடைய சப்பாத்துக்குச் சற்று முன்னால், வீதியில் ட்ராம் தண்டவாளம் ஓடுகிறது. கொழும்பில் ட்ராம் 1899இல் ஓடத் தொடங்கி 1960இல் நிறுத்தப்பட்டது. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு ஒரு பாதை, மருதானை வழியாகப் பொரளைக்கு இன்னொரு பாதை. ஆகவே பெரியும்மா சொன்ன மருதானை பொருந்துகிறது.

படத்தின் இடது மூலையில் ஒரு காரின் பாதி தெரிகிறது. அதன் இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துக்கள்தான் உள்ளன, 'ஸ்ரீ' இல்லை. வாகனத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது 1950களின் பிற்பகுதியில். 1958இல் அதற்கு எதிராக வடக்கில் நடந்த போராட்டத்தை மூத்த வாசகர்கள் அறிவார்கள். ஆக, இப்படம் பெரும்பாலும் அதற்கு முந்தியது.

பழைய படங்களை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில அடையாளங்களையும் சொல்லலாம். வீதிக்கு மேலே இரட்டைக் கம்பியும் அதைத் தொட்டுக்கொண்டு ஓடும் பஸ்ஸும் தெரிந்தால் அது ட்ரொலி பஸ். கொழும்பில் அது 1953 முதல் 1964 வரைதான் ஓடியது. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் நின்றால் 1958 ஜனவரிக்குப் பிந்தியது. பெயர்ப்பலகையில் நாட்டின் பெயர் 'சிலோன்' என்று இருந்தால் 1972க்கு முந்தியது என்று நினைக்கத் தோன்றும். இங்கு கவனம் தேவை. நாட்டின் பெயர் மாறிய பின்னரும் பல கம்பனிகள் பழைய பெயரையே வைத்துக்கொண்டன.

தியேட்டர் படங்களில் நாம் அதிகம் ஏமாறுவது சினிமாப் போஸ்டரில்தான். போஸ்டரில் உள்ள படத்தின் வருடமே புகைப்படத்தின் வருடம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்தியாவில் வெளியான படம் இங்கு பிந்தி வருவதுண்டு. வந்த படமும் நல்லாக ஓடினால் சில வருடங்களுக்குப் பிறகு மறுபடி திரையிடப்படும். ஆகவே போஸ்டரால் 'இதற்கு முன்னர் எடுத்திருக்க முடியாது' என்று மட்டும் சொல்ல முடியும். 'இந்த வருடம்தான்' என்று சொல்ல முடியாது.

கூடாரத்திலிருந்து கட்டடத்துக்கு

இலங்கையில் முதலாவது சினிமாக் காட்சி 1901இல் நடந்தது என்பது வரலாறு. பார்த்தவர்கள் ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயும் இங்கு கொண்டுவரப்பட்டிருந்த போயர் போர்க் கைதிகளும். கைதிகளுக்கு அவர்களுடைய தோல்வியையே படமாகக் காட்டினார்கள். அதன் பின்னர் வெட்டவெளிகளிலும் கூடாரங்களிலும் 'பயஸ்கோப்' காட்டப்பட்டது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் கடைசி வரைக்கும் சினிமா என்று சொன்னதில்லை, பயஸ்கோப் என்றுதான் சொல்வார்கள்.

நிரந்தரக் கட்டடங்கள் வந்ததில் இந்திய வணிகர்களின் கை பெரிது. கல்கத்தாவில் ஜே.எஃப். மதன் என்ற பார்ஸிக்காரர் நடத்திய மதன் தியேட்டர்ஸ் கம்பனி கொழும்பிலும் கிளை பரப்பியது. மருதானை எல்பின்ஸ்டன் அக்கம்பனியின் பெயரோடு சேர்ந்தது. அதன் அருகிலேயே டவர் ஹோல். அது சினிமாவுக்காகக் கட்டப்பட்டதல்ல, 1911 டிசம்பரில் சிங்கள நாடகத்துக்காகத் திறக்கப்பட்டது. பேசும் படம் வந்த பின்னர் அங்கேயும் திரை கட்டினார்கள்.

நமது வாசகர்கள் குறித்துவைக்க வேண்டிய ஒரு பெயர் டி.ஏ.ஜே. நூர்பாய். பம்பாயைச் சேர்ந்த இவ்வணிகர் 1925இல் கொழும்பில் சினிமாத் தொழிலைத் தொடங்கி, அதே ஆண்டில் 'ராஜகீய விக்ரமய' என்ற மௌனப் படத்தைத் தயாரித்தார். இலங்கையில் எடுக்கப்பட்ட முதலாவது கதைப்படம் என்று கொள்ளப்படுவது இதுதான். கதாநாயகன் யார் தெரியுமா? பிற்காலத்தில் சமசமாஜக் கட்சித் தலைவராகவும் நிதியமைச்சராகவும் விளங்கிய என்.எம். பெரேரா. படம் பம்பாயிலும் சிங்கப்பூரிலும் காட்டப்பட்டது. இலங்கையில் காட்டப்படும் முன்னரே பிரதி எரிந்து போயிற்று. இந்நாட்டுச் சினிமா வரலாறு தொடங்குவதே ஒரு சாம்பலில் இருந்துதான். இந்தச் சாம்பல் கதை கட்டுரையின் பின்பகுதியில் மறுபடி வரும்.

மூன்று முதலாளிகள்

கொழும்புத் தியேட்டர்களின் பொற்காலத்தை மூன்று பெயர்களை வைத்துச் சொல்லிவிடலாம். முதலாமவர் சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர், தமிழ்க் கத்தோலிக்கர். 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் கம்பனியை நிறுவினார். ரீகல், பம்பலப்பிட்டி மெஜஸ்டிக் போன்றவை அக்கம்பனியின் பெயரைச் சொல்லும். ரீகல் நிற்கும் வீதிக்கே இன்று அவருடைய பெயர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' 1956 டிசம்பரில் முதலில் திரையிடப்பட்டதும் ரீகலில்தான். மெஜஸ்டிக் இருந்த காணியில் இன்று மெஜஸ்டிக் சிட்டி நிற்கிறது. சட்டை வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

இரண்டாமவர் கே. குணரத்தினம், தமிழர். சினிமாஸ் லிமிடெட் அவருடையது. ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவையும் நடத்தினார். மூன்றாமவர் ஜாபிர் ஏ. காதர், முஸ்லிம். கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி அவருடையது. கொழும்பு மாநகர முதல்வராக இருந்தார். 1977இல் கொழும்பு மத்திய தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் தெரிவானார். நமது அரசியல் வரலாறுகளில் அவர் பெயர் வரும்போது முதல்வர், உறுப்பினர் என்று எழுதுகிறோம். அவர் தியேட்டர்காரர் என்பதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறோம்.

இம்மூவரும் சிறுபான்மைச் சமூகத்தவர்கள். சிங்களச் சினிமா பிறந்து வளர்ந்த வீட்டின் சுவர்களை எழுப்பியவர்களில் அவர்களும் அடங்குவர். முதலாவது சிங்களப் பேசும் படம் 'கடவுனு பொரொந்துவ' 1947 ஜனவரியில் வெளியாயிற்று. அதைத் தயாரித்த எஸ்.எம். நாயகம் தமிழர், இயக்கிய ஜோதிஷ் சின்ஹா வங்காளி, படம் எடுத்த இடம் மதுரை. அதே வருடம் வந்த 'அசோகமாலா' கோயம்புத்தூரில் எடுக்கப்பட்டது. அதற்கு இசையமைத்தவர் முஹம்மத் கவ்ஸ், ரசிகர்களுக்கு கவ்ஸ் மாஸ்டர். அதில்தான் முகைதீன் பேக் சினிமாவுக்கு முதன்முதலில் பாடினார். 1919இல் சேலத்தில் பிறந்து, பையனாக இலங்கைக்கு வந்தவர். வெசாக் காலத்தில் அவருடைய பௌத்த பக்திப் பாடல்கள் கேட்காத சிங்கள ஊர் இல்லை. 1991இல் காலமானார்.

பேக்கை ஒரு சான்றாகவே சொல்கிறேன். தியேட்டர் முகப்புப் படங்களில் பெரிய அட்டையில் வரைந்து நிற்பது நடிகர் நடிகையின் முகம். உள்ளே இருட்டில் பாடுபவரின் குரல் அட்டையில் ஏறாது. புகைப்படத்தை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் பேக் தவறிப் போவார். கேட்டில் நின்ற எங்கள் அப்பாவும் தவறிப் போவார்.

முகப்பும் பின்பக்கமும்

1890 முதல் இயங்கிவந்த பிளேட் போன்ற பெரிய ஸ்டூடியோக்கள் எடுத்த கொழும்புப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கட்டடம் நேராக நிற்கும், வீதி துப்புரவாக இருக்கும், ஆட்கள் எறும்பளவில் இருப்பார்கள். தியேட்டர்களையும் அப்படித்தான் எடுத்தார்கள். அது கட்டடத்தின் படம். கெலரிக் கியூவில் வெயிலில் நின்றவன், கடலை விற்றவன், போஸ்டர் வாளியோடு சைக்கிளில் போனவன், ஒப்பரேட்டர் அறையில் கார்பன் வெளிச்சத்தின் புழுக்கத்தில் நின்றவன் ஆகியோரின் படங்கள் வீடுகளில்தான் இருக்கும், இருந்தால்.

மருதானையை எண்ணிப் பாருங்கள். 1892இல் தொடங்கிய ஸாஹிரா அங்கே, பெரிய பள்ளிவாசல் அங்கே, முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த தோட்டங்களும் ஒழுங்கைகளும் அங்கே. டவர் ஹோல், எல்பின்ஸ்டன், காமினி எல்லாம் அதே சுற்றில். நுகேகொடைக்காரர்களும் களனிவெளிப் பாதையின் சின்ன ரயிலில் ஏறி மருதானையில் இறங்கிப் படம் பார்த்துவிட்டு வந்த காலம் அது. பிந்திய எங்கள் தலைமுறைக்கு நுகேகொடை குயின்லன் போதுமாக இருந்தது. கொட்டாஞ்சேனை ஆட்களுக்குச் செல்லமஹாலும் கிங்ஸ்லியும். வெள்ளவத்தை ஆட்களுக்குச் சவோயும் பிளாசாவும்.

பெண்கள் போனார்களா? போனார்கள். பெரியும்மாவிடம் கேட்டேன். முதலில் சிரித்தார். "வாப்பா தியேட்டர்ல வேல. நாங்க போகாம ஈப்பமா?" என்றார். பின்னேரக் காட்சிக்கு, விளக்கு அணைந்த பிறகு உம்மும்மாவும் பிள்ளைகளும் உள்ளே போவார்களாம். படம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அப்பா டோர்ச் அடித்து அவர்களை வெளியே அழைத்துக்கொண்டு போய்விடுவாராம். "ஒரு படத்திட முடிவும் எனக்குத் தெரியா மகன். எல்லாம் பாதியிலதான்."

பார்த்ததை ஊர் பார்க்கக்கூடாது என்பதே நிபந்தனை. அந்த நிபந்தனைதான் புகைப்படத்துக்கும் வந்து சேர்ந்தது. அப்பா ஹஜ்ஜுக்குப் போய்வந்த பிறகு, டோர்ச்சோடு நிற்கும் படம் கண்ணாடிச் சட்டத்திலிருந்து இறக்கப்பட்டு டின்னுக்குள் போயிற்று.

சினிமா பார்ப்பது மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்பது இக்கட்டுரையின் விடயம் அல்ல. அதைப் பற்றி உலமாக்கள் பேசியிருக்கிறார்கள், பேசுவார்கள். அந்தப் பேச்சைக் குறைத்து மதிக்கவும் இல்லை. ஆனால் ஒரு மனிதன் இருபது வருடம் எங்கே நின்று ஹலாலாக உழைக்க முயன்றான், எந்தச் சம்பளத்தில் பிள்ளைகளுக்குக் கிதாபும் கொப்பியும் வாங்கினான் என்பது வேறு விடயம். அதை மறைத்தால் மறைவது சினிமா அல்ல, அந்த மனிதனின் உழைப்பு. பெரியும்மாவிடம் இப்படியே சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. டின்னை மட்டும் என் பக்கம் தள்ளி வைத்தார்.

மற்ற இரண்டு படங்கள்

டின்னில் இருந்த மற்ற இரண்டு படங்களும் எங்களுடையவை அல்ல. ஒன்றில், வெள்ளவத்தை சவோய் முன்னால் பாதிச் சாரி கட்டிய இரண்டு குமர்ப் பிள்ளைகளும், அரைக் காற்சட்டை போட்ட ஒரு சிறுவனும் நிற்கிறார்கள். மற்றதில் அதே சிறுவன், ஒரு முதியவரின் தோளில். முதியவரின் நெற்றியில் திருநீறு.

பெரியும்மா அக்காலத்தில் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் குடியிருந்தார். பக்கத்து வீட்டார் யாழ்ப்பாணத் தமிழர். 1983 ஜூலையில் ஒழுங்கைக்குள் கூட்டம் புகுந்தபோது அவர்கள் பின் மதிலால் பெரியும்மாவின் வீட்டுக்குள் வந்தார்கள். இரண்டு இரவுகள் இருந்துவிட்டு அகதி முகாமுக்குப் போனார்கள், அங்கிருந்து கப்பலில் வடக்கே போனார்கள் என்று கேள்வி. போகும்போது அந்த வீட்டு அம்மா, எரிந்த வீட்டிலிருந்து தப்பிய இரண்டு படங்களைப் பெரியும்மாவின் கையில் கொடுத்து, "வைச்சிருங்கோ, வந்து எடுக்கிறம்" என்றாராம். அவர்கள் வரவில்லை. பெரியும்மா வீடு மாறியபோதெல்லாம் டின்னும் கூடவே வந்தது.

அதே ஜூலையில் கொம்பனித்தெருவில் ரியோ எரிந்தது. நவரத்தினம் குடும்பத்தாருக்குச் சொந்தமான அந்தத் தியேட்டர் 1965இல் எழுபது மில்லிமீட்டர் திரையோடு திறக்கப்பட்டு, நகரமே வாயைப் பிளந்து பார்த்தது. ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. அங்கே இருந்த சிங்களப் படங்களின் மூலப்பிரதிகளும் சேர்ந்து எரிந்தன. நூர்பாயின் படத்துக்கு நடந்தது ஐம்பத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு மறுபடி நடந்தது. தமிழனின் சொத்து என்று வைத்த நெருப்பில் சிங்களவரின் சினிமாவும் போயிற்று.

தியேட்டர்கள் குறைந்ததற்கு நெருப்பு மட்டும் காரணம் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கிய பின் படங்களின் இறக்குமதியும் விநியோகமும் தனியார் கம்பனிகளின் கையிலிருந்து போயின. 1979இல் ஐ.டி.என். தொலைக்காட்சி, 1982இல் ரூபவாஹினி. பிறகு வீடியோ டெக். யுத்த காலத்தில் இரவுக் காட்சிக்குப் போக ஆட்கள் பயந்தார்கள். காணி விலை ஏறியது. ஒவ்வொன்றாக மூடினார்கள். எல்பின்ஸ்டன் தீவிபத்துக்குள்ளாகி, திருத்தப்பட்டு, மறுபடி திறந்தது. பல தியேட்டர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் ஒரு தியேட்டர் மூடப்படுவதற்கும், அதன் வாசலில் நின்ற குடும்பத்தின் படம் எரிவதற்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதற்குப் பத்திரிகைச் செய்தி இருக்கும், காணி உறுதி இருக்கும். இரண்டாவதற்கு அந்தப் படம்தான் எல்லாம். 1983இல் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனை அல்பங்கள் எரிந்தன என்று யாரும் எண்ணவில்லை. மிஞ்சியவற்றில் சில நமது வீடுகளில் இருக்கலாம். பக்கத்து வீட்டார் கொடுத்துவைத்தவை, நமது பெரியவர்கள் யாருக்கும் சொல்லாமல் காத்தவை.

நமக்கு அமானிதம் என்ற சொல் சிறு வயதிலிருந்தே பழக்கம். கொடுத்துவைத்த பொருளை உரியவரிடம் ஒப்படைக்கவேண்டும். பெரியும்மா அந்தக் கடமையை நாற்பது வருடங்களுக்கு மேலாக ஒரு பிஸ்கட் டின்னில் சுமந்திருக்கிறார். ஒரே ஒரு குறை. படத்தின் பின்னால் பெயர் எழுதிவைக்கவில்லை. பக்கத்து வீட்டாரின் முழுப்பெயர் இப்போது அவருக்கு ஞாபகம் வருவதில்லை. "பெரிய தங்கச்சி, சின்னத் தங்கச்சி என்டுதான் கூப்பிட்ட" என்கிறார். ஒப்படைக்க மனம் இருந்தும் முகவரி இல்லை. யோசித்துப் பார்த்தால், அப்பாவின் படத்தின் நிலையும் இதுதான். அதுவும் ஒரு அமானிதம், அடுத்த தலைமுறைக்கு உரியது. அதற்கும் பெயர் எழுதவில்லை.

செய்யவேண்டியவை

வாசகர்களிடம் சில சிறு வேண்டுகோள்கள். பழைய படம் எதைக் கண்டாலும் வீட்டில் மூத்தவர்களுக்கு முன்னால் வைத்து, நிற்பவர் யார், இடம் எது, ஏறத்தாழ எந்த வருடம், எடுத்தவர் யார் என்று கேளுங்கள். பதிலை மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்பக்க ஓரத்தில் எழுதுங்கள். போல்பொயின்ட் பேனை வேண்டாம், மை மறுபக்கம் ஊறும். பசைத்தாள் அல்பங்களில் ஒட்டிய படங்களை இழுத்துக் கிழிக்காதீர்கள்; கழற்ற முடியாவிட்டால் அப்படியே பிரதி எடுங்கள். பிரதி எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுங்கள். ஈரச் சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைக்காதீர்கள். கொழும்புக் காற்றில் படத்துக்கு முதல் எதிரி ஈரம்தான். இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் ஆவணங்களைப் பேணும் 'நூலகம்' நிறுவனம் போன்றவற்றுக்குப் பிரதியைக் கொடுக்கலாம். மூலப்படம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

தியேட்டரில் வேலை செய்தவர்கள், ஒப்பரேட்டர்கள், போஸ்டர் வரைந்தவர்கள், கென்டீன் நடத்தியவர்கள் நம் மத்தியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கூச்சப்படாமல் அவர்களைப் பேசவிடவேண்டும்.

அப்பாவின் படத்தின் பின்னால் நான் எழுதியிருக்கிறேன்: பெயர், 'தியேட்டர் கேட் கீப்பர்', மருதானை, 1950களின் நடுப்பகுதி அல்லது அதற்கு முன். அது இப்போது ஹோலில், ஹஜ் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரியும்மா முதல் இரண்டு நாள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடியைச் சாரி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

சவோய் முன்னால் நிற்கும் அந்த இரண்டு தங்கச்சிமாரும் சிறுவனும் இன்று எங்கிருந்தாலும் அறுபது, எழுபது வயதை அண்டியிருப்பார்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையில் குடியிருந்து, 1983இல் பின் மதிலால் ஏறி ஒரு முஸ்லிம் வீட்டில் இரண்டு இரவு தங்கியவர்கள். வாசகர்களில் யாருக்கேனும் இப்படி ஒரு குடும்பம் தெரிந்தால் இவ்விதழின் ஆசிரியருக்கு எழுதுங்கள். படங்கள் பத்திரமாக இருக்கின்றன. பெரியும்மாவும் இருக்கிறார்.